நாற்பத்தெட்டுச் சதுரங்கள்

ஜனவரி 9

அக்காவுக்கு,

நான்கு நாளாக நீ போன் செய்கிறாய், நான் எடுக்கவில்லை. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம், குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நீ கத்துவாய், மூன்றாவது நிமிடம் நான் அழுவேன், அதற்குமேல் விஷயம் என்ன என்பதே இருவருக்கும் மறந்துபோகும். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது.

உன் மகன் புது வீட்டுக்குக் குடிபோன அன்று நான் சாப்பிடாமல் கிளம்பினேன். அத்தானிடம் தலைவலி என்று சொன்னது பொய். அவனுடைய மாமியாரிடம் என்னைக் காட்டி நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "இவ என் தங்கச்சி. எதையும் ஜோரா ஆரம்பிப்பா, ஒண்ணையும் முடிக்க மாட்டா. வீட்ல இவ பேரே அரைக்கிணறு." அதோடு விட்டாயா? விரல் மடக்கி எண்ண வேறு செய்தாய். டைப்ரைட்டிங், நீச்சல், கார். முன்னால் ஓட்டக் கற்றுக்கொண்டாள், ரிவர்ஸ் எடுப்பதற்குள் நின்றுவிட்டாள் என்று நீ சொன்னபோது கூடம் முழுக்கச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். நான்காவது விரலுக்கு நர்ஸ் படிப்பு என்றாய். அதோடு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிரே நூலகம் இருக்கிறதல்லவா, அதன் மாடியில் சனிக்கிழமை மாலைகளில் குரோஷே வகுப்பு ஆரம்பிக்கிறார்கள். ஒரு கொக்கி ஊசி, ஒரு உருண்டை நூல், இவ்வளவுதான் சாமான். தொடக்கநிலை, பதினாறு வாரம். கடைசி வாரம் நாற்பத்தெட்டுச் சதுரங்கள் பின்னி இணைத்து ஒரு போர்வையாகக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் சான்றிதழ். நான் பெயர் கொடுத்துவிட்டேன். முடித்துக் காட்டுகிற வரைக்கும் உன் போனை எடுப்பதாக இல்லை.

தங்கை

*

ஜனவரி 15

சின்னவளுக்கு,

ஐம்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் மூக்குக்கு மேல் கோபம். தமாஷாகச் சொன்னதை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். நானும்தான் சிரித்தேன் என்று நீயே எழுதியிருக்கிறாய், அப்புறம் என்ன?

நூலும் ஊசியும் நம் வீட்டில் யாருக்கும் ஒத்துவந்ததே இல்லை. பள்ளிக்கூடம் போகிறபோது உன் சட்டைக்குப் பொத்தான் தைத்தது நான். நான் தைத்த பொத்தான் சட்டையை விட்டுப் போகாது, ஆனால் துளைக்குள்ளும் போகாது. அந்தப் பரம்பரையில் வந்தவள் போர்வை பின்னப் போகிறாயாம். எத்தனை வாரம் தாக்குப்பிடிப்பாய் என்று அத்தானிடம் கேட்டேன். ஆறு என்றார். நான் நான்கு என்றேன். அவருக்கு எப்போதுமே உன்மேல் கொஞ்சம் நம்பிக்கை அதிகம்.

இங்கே வேறு செய்தி இல்லை. ஏப்ரல் கடைசியில் எனக்கு ஓய்வு. என்னுடைய வரைபட மேசை ஜன்னலோரம் இருப்பதால் அதற்கு இப்போதே அடிதடி. நான் உட்கார்ந்திருக்கும்போதே ஒருவர் டேப் வைத்து அளந்துவிட்டுப் போனார்.

போனை எடு.

அக்கா

*

பிப்ரவரி 1

அக்காவுக்கு,

நேற்று நான்காவது வகுப்பு. போனேன். அத்தானிடம் சொல்.

வகுப்பில் ஒன்பது பேர். ஒருவர் பல் டாக்டர். ஒருவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர், பெரிய மீசை, எங்கள் எல்லாரையும்விட அவர் பின்னல்தான் நேர்த்தி. டீச்சருக்கு உன் மகனைவிட வயது குறைவு. இப்போது ஆறாவது மாதம், நூல் உருண்டையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு பின்னுகிறார். குழந்தை உதைத்தால் உருண்டை கீழே ஓடும், நாங்கள் எடுத்துக் கொடுப்போம்.

என் சங்கதி அவ்வளவு விசேஷமாக இல்லை. உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் பின்னச் சொன்னார்கள். இருபது கண்ணியில், அதாவது இருபது நூல் வளையத்தில், ஆரம்பித்தேன். பன்னிரண்டாவது வரிசையில் ஒன்பது கண்ணிதான் இருந்தது. சதுரம் போய் முக்கோணம் வந்துவிட்டது. பிரித்தேன். திரும்பப் பின்னினேன். திரும்பவும் முக்கோணம். மூன்றாவது தடவை பேருந்துக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க கொடி தைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

குரோஷேயில் ஒன்று கவனித்தேன். ஊசியில் எப்போதும் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும். அதை விட்டுவிட்டு நூலை இழுத்தால் இரண்டு மணி நேர வேலை இரண்டு நிமிடத்தில் சரசரவென்று நூலாகிவிடும். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று இரண்டு முறை தோன்றியது. உன் முகம் ஞாபகத்துக்கு வந்ததால் போகவில்லை. இதை நன்றியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தங்கை

*

பிப்ரவரி 6

சின்னவளுக்கு,

நான் சொன்ன நான்கு வாரம் தாண்டிவிட்டாய். சரி, தோற்றேன்.

இருபதில் ஆரம்பித்துப் பன்னிரண்டாவது வரிசையில் ஒன்பது. பதினொரு திருப்பம், பதினொரு கண்ணி காணோம். வரிசைக்குச் சரியாக ஒன்று. கை தவறி நடுவில் விட்டிருந்தால் கணக்கு இப்படி ஒழுங்காக வராது, ஒரு வரிசையில் இரண்டு போகும், இன்னொன்றில் ஒன்றும் போகாது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் விடுகிறாய். அது வரிசையின் கடைசிக் கண்ணி. அது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பின்னலின் விளிம்பு மாதிரித் தெரியும், கண்ணி மாதிரித் தெரியாது. முடிந்துவிட்டது என்று நினைத்து முடிப்பதற்கு ஒன்று முன்னாலேயே திரும்பிவிடுகிறாய். ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியிலும் ஒரு ஊக்கு மாட்டு. அடுத்த வரிசையில் திரும்பி வரும்போது அந்த ஊக்கு வரை போ.

முப்பத்துநான்கு வருடம் நிலம் அளந்தவள் சொல்கிறேன், ஓரத்தில்தான் எப்போதும் வம்பு.

அக்கா

*

பிப்ரவரி 23

அக்காவுக்கு,

ஊக்கு மாட்டினேன். சதுரம் வந்துவிட்டது. நான்கு பக்கமும் நான்கு பக்கமாகவே இருக்கிறது. கடையில் ஃப்ரேம் அளக்கிற ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், பத்து சென்டிமீட்டருக்குப் பத்து. வாடிக்கையாளர் ஒருவர் கண்ணாடி கேட்டு வந்து நின்றது தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிற சதுரம் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், போர்வைக்கு அதுதான். பதினொன்று முடித்தாயிற்று.

உனக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்கிறேன். ஆனால் வேறொன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த நன்றி முழுசாகாது.

நர்ஸ் படிப்பை நான் எப்போது விட்டேன்? இரண்டாம் வருடம். அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு போன வாரம். நீ அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாய். பதினொரு மாதம் அம்மா படுக்கையில் இருந்தார். நீ இரண்டு முறை வந்தாய். அம்மா போனபிறகு திரும்பிப் போனபோது கல்லூரியில் என் இடம் இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. டைப்ரைட்டிங்கை விட்டது சோம்பல், நீச்சலை விட்டது பயம், காரை விட்டது பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் திட்டிய அந்த டிரைவிங் மாஸ்டரால். மூன்று விரலையும் மடக்கிக்கொள். நான்காவதை நீ மடக்கியிருக்கக் கூடாது.

இனி நல்ல செய்தி. டீச்சருக்கு மே மாதம் பிரசவம். அடுத்த வகுப்பை யாராவது எடுக்க வேண்டும். எங்கள் ஒன்பது பேரில் யாருடைய போர்வை பழுதில்லாமல் இருக்கிறதோ அவரிடமே கொடுக்கலாம் என்று நூலகர் சொல்லியிருக்கிறார். எனக்கு அது வேண்டும் அக்கா. பதினான்கு வருடமாக அடுத்தவர் மூக்கில் கண்ணாடி பொருத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு அறையில் எல்லாரும் என்னைப் பார்த்து, அடுத்து என்ன என்று கேட்க வேண்டும் போல இருக்கிறது. வாய்விட்டு இப்படி எதையும் நான் கேட்டதில்லை.

தங்கை

*

மார்ச் 5

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அம்மா விஷயத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். எழுதமாட்டேன் என்று நினைக்காதே.

இப்போதைக்கு ஒரு சந்தேகம். எங்கள் அலுவலகத்தில் ஒரு அம்மாள் குரோஷே வகுப்பில் சேர்ந்திருக்கிறார். ஓய்வு பெறப் போகிறவர், பொழுதுபோக வேண்டுமே என்று. நன்றாகப் படித்தவர், புத்திசாலி, கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்படியே பார்த்துச் செய்தாலும் பின்னல் எதிர்ப்பக்கம் ஓடுகிறதாம். டீச்சர் வலமிருந்து இடமாகப் போனால் இவருக்கு இடமிருந்து வலமாக வருகிறது. ஊசியை வலது கைக்கு மாற்றினால் கை கட்டை மாதிரி நிற்கிறது. வகுப்பிலேயே கடைசி. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி அவருக்கு உதவி செய்கிறாளாம், அவருக்கு அவமானமாக இருக்கிறது. என்ன செய்யலாம் என்று உன் டீச்சரிடம் கேட்டு எழுது. அவசரம் ஒன்றும் இல்லை. இந்த வாரத்துக்குள் எழுதினால் போதும்.

அக்கா

*

மார்ச் 10

அக்காவுக்கு,

உங்கள் அலுவலகத்து அம்மாளுக்கு நான் டீச்சரிடம் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. அவருக்கு இடது கைப் பழக்கம். காய் நறுக்குவதும் ஆணி அடிப்பதும் இடது கையில், எழுதுவது மட்டும் வலது கையில், அதுவும் பள்ளிக்கூடத்தில் ஸ்கேலால் அடித்து மாற்றியதால். சரிதானே? கோபம் வந்தால் மேசையைத் தட்டுவதும் இடது கையால்தான். அவரை எனக்கு ஐம்பத்திரண்டு வருடமாகத் தெரியும்.

அவரிடம் சொல்: டீச்சருக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது, நேர் எதிரே உட்கார வேண்டும். அப்போது டீச்சரின் வலது கை இவருக்கு இடது கையாக, கண்ணாடியில் பார்ப்பது போல வரும். புத்தகத்தில் படம் பார்த்தால் அதைக் கண்ணாடி முன் பிடித்துப் பார்க்க வேண்டும். பின்னல் இடமிருந்து வலமாக ஓடுவது தப்பே இல்லை, ஓடட்டும். நூலை வலது கை விரலில் சுற்றிக்கொள்ள வேண்டும், இறுக்கிப் பிடிக்கக் கூடாது. அவர் எதையும் இறுக்கித்தான் பிடிப்பார், அதனால் இதை இரண்டு முறை சொல்.

அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் சொல்வதைக் கேட்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. அவளுக்குத் தெரிகிறது, இவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

இருபத்தாறு சதுரங்கள் ஆயிற்று. போன வாரம் என் ஊசியைப் பேருந்தில் தொலைத்துவிட்டேன். பேருந்துக்காரர் தன்னிடமிருந்த இன்னொரு ஊசியைக் கொடுத்திருக்கிறார், அதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

தங்கை

*

மார்ச் 16

சின்னவளுக்கு,

நான்தான். சந்தோஷமா?

ஜனவரி கடைசியில் சேர்ந்தேன். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது, நாலு நாளில் கற்றுக்கொண்டு உனக்கு எழுதி உன் வாயை அடைக்கலாம் என்றுதான் போனேன். முதல் நாளே என் வாய் அடைத்துவிட்டது. முக்கோணக் கணக்கை நான் மூளையால் கண்டுபிடித்ததாக நீ நினைத்திருப்பாய். என் பையில் அப்போது நான்கு முக்கோணம் இருந்தது.

சனிக்கிழமை எதிரே உட்கார்ந்தேன். முதல்முறையாக ஒரு முழு வரிசை வந்தது. அத்தானிடம் காட்டினேன். எந்தப் பக்கம் மேல்பக்கம் என்று கேட்டார்.

அக்கா

*

ஏப்ரல் 18

அக்காவுக்கு,

நீ சொன்னதே சரி. அரைக்கிணறு.

நாற்பத்தெட்டும் முடித்து இன்று வகுப்பில் ஒன்றாக இணைத்தேன். எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு. இணைத்து மேசைமேல் விரித்தால் அங்கங்கே சுருங்கிக் குழி விழுகிறது. தட்டிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன், படியவில்லை. டீச்சர் ஒவ்வொரு சதுரமாக அளந்தார். முப்பத்திரண்டு சதுரங்கள் பத்து சென்டிமீட்டர். பதினாறு சதுரங்கள் ஒன்பது.

பேருந்துக்காரர் கொடுத்த ஊசி. என்னுடையது நாலரை மில்லிமீட்டர், அவருடையது நாலு. புது ஊசி வாங்குகிற வரைக்கும் அதில் பதினாறு சதுரங்கள் பின்னியிருக்கிறேன். எண் கைப்பிடியிலேயே பொறித்திருக்கிறது, ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஃப்ரேமில் அரை மில்லிமீட்டர் கோணல் இருந்தால் கையால் தடவியே சொல்கிறவள் என்று கடையில் எனக்குப் பெயர். அந்த மனிதர் பாவம், தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய போர்வையில் ஒரு சுருக்கம் இல்லை. வகுப்பு அவருக்குத்தான் போகும் போலிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை கடைசி நாள். இணைத்ததைப் பிரித்துவிட்டேன். நாற்பத்தெட்டையும் ஒரு பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இனி பார்க்கப் போவதில்லை. உன் மகனுடைய மாமியாரிடம் ஐந்தாவது விரலையும் மடக்கிக் காட்டு.

தங்கை

*

ஏப்ரல் 21

சின்னவளுக்கு,

பையை வெளியே எடு.

பதினாறு சதுரங்களையும் பிரித்து, சரியான ஊசியில் திரும்பப் பின்னு. உன் கைக்கு ஒன்றுக்கு முப்பத்தைந்து நிமிடம் என்று வைத்தால் ஒன்பது மணி இருபது நிமிடம். கடைக்கு இரண்டு நாள் விடுப்புச் சொன்னால் போதும். முடியும். இது கணக்கு, ஆறுதல் இல்லை.

இனி, எழுதுகிறேன் என்று சொன்னது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

இரண்டாவது முறை நான் வந்தபோது நீ அம்மாவுக்குப் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாய். அம்மாவை எழுப்பாமல், ஒரு பக்கம் சாய்த்து, விரிப்பைச் சுருட்டி உள்ளே தள்ளி, மறுபக்கம் சாய்த்து எடுத்தாய். அம்மா ஒருமுறைகூட முனகவில்லை. நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். உள்ளே வந்து கை கொடுக்கவில்லை. மறுநாள் காலை அலுவலகத்தில் அவசரம் என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன். அவசரம் எதுவும் இல்லை.

அவள் படிப்பைப் பாதியில் விட்டாள் என்று சொன்னால் அதோடு பேச்சு முடிந்துவிடும். ஏன் விட்டாள் என்று சொன்னால், பெரியவள் எங்கே போயிருந்தாள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் முப்பது வருடமாக உன்னை அரைக்கிணறு என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் சிரித்ததால் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அம்மாவைக் கடைசிவரைக்கும் பார்த்தது நீ. பாதியில் விட்டுப் போனவள் நான். மன்னித்துக்கொள் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

போர்வையை முடி. எனக்காக வேண்டாம். உனக்கு அந்த அறை வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதற்காக.

அக்கா

*

ஏப்ரல் 26

அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. மாலையில் வகுப்புக்கு முன்னால் நூலகப் படியில் உட்கார்ந்துதான் படித்தேன். பல் டாக்டர் வந்து என்னவென்று கேட்டார், அக்கா கடிதம் என்றேன், அதற்குமேல் அவர் கேட்கவில்லை. மன்னிப்பு என்றெல்லாம் எழுத எனக்கும் கூச்சமாக இருக்கிறது. முப்பது வருடமாக முதுகில் இருந்ததை யாரோ இறக்கி வைத்தது போல இருக்கிறது. உனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். உன் கடிதம் வரும்போது போர்வை என் மடியில் இருந்தது. வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கடையில் ஒருவருக்கு ஃப்ரேம் பொருத்தினேன். முகத்துக்குச் சின்னது. வேறு மாடல் தேட வேண்டாம், இதே மாடலில் விளிம்பு தடிமனாக இருப்பதைப் போட்டால் சரியாகிவிடும் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கை கால் பரபரத்தது. வீட்டுக்கு ஓடிப்போய்ப் பையை இழுத்தேன். ஒரு சின்னச் சதுரத்தை எடுத்து, சுற்றிலும் கருநீலத்தில் ஒரே ஒரு சுற்றுப் பின்னினேன். பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர். ஒன்பது பத்தாகிவிட்டது. உன் ஒன்பது மணி இருபது நிமிடம் தேவைப்படவே இல்லை அக்கா, ஒன்றுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கணக்கில் நீ கெட்டிக்காரிதான், ஆனால் பின்னலில் நான் உன்னைத் தாண்டிவிட்டேன். இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

பதினாறையும் நடுவில் நாலுக்கு நாலாக வைத்தேன். மற்ற முப்பத்திரண்டு சுற்றிலும். நேற்று மேசைமேல் விரித்தபோது நடுவில் கருநீலக் கோடு போட்ட கட்டம் தெரிந்தது. டீச்சர் எட்டாவது மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தார். நான்கு மூலையையும் தூக்கிப் பார்த்தார், பின்பக்கம் நூல் முனை தெரிகிறதா என்று தடவிப் பார்த்தார். அளந்தார். பிறகு நூலகரிடம் சொன்னார்: "தப்பில்லாம பின்ன நிறைய பேருக்கு வரும். தப்பு நடந்த இடத்தையே எல்லாரும் திரும்பிப் பார்க்கிற இடமா மாத்த இவங்களுக்கு வருது. கத்துக்க வர்றவங்களுக்கு இதுதான் வேணும்." முதலில் கைதட்டியது பேருந்துக்காரர். அவர் போர்வைக்கும் சான்றிதழ் கிடைத்தது. நூலகருக்கு முன்னால் தன் நாலு மில்லிமீட்டர் ஊசியை எனக்கே பரிசாகக் கொடுத்தார்.

வகுப்பு எனக்குத்தான். மே ஒன்பதிலிருந்து. சாலையில் நடந்து வரும்போது தெரியாதவர்களைப் பார்த்தெல்லாம் சிரித்தேன்.

தங்கை

*

மே 2

என் தங்கைக்கு,

நேற்று முன்தினம் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், நான் எழுந்த அரை மணியில் என் மேசையை நகர்த்திவிட்டார்கள்.

மகனுடைய மாமியாரை வீட்டுக்கு வரச் சொல்லி, உன் போர்வைக் கதையை முதலிலிருந்து சொன்னேன். அம்மா கதையையும் சொன்னேன். நான் எங்கே போயிருந்தேன் என்று அவர் கேட்பார் என்று பயந்தேன். கேட்டார். பதில் சொன்னேன். அத்தான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்கும் இது புதுச் செய்தி.

இங்கே வகுப்பு டீச்சர் என்னை வைத்துக்கொண்டு அல்லாடுகிறார். பதினெட்டு சதுரங்களில் நிற்கிறேன், அதிலும் நான்கைச் சதுரம் என்று என்னைத் தவிர யாரும் ஒப்புக்கொள்வதில்லை. உன் வகுப்பில் எனக்கு இடம் உண்டா? பயணம் ஆறு மணி நேரம்தான். இப்போது எனக்கு எல்லா நாளும் சனிக்கிழமை. யோசித்துச் சொல். கட்டாயம் இல்லை.

அக்கா

*

மே 5

அக்காவுக்கு,

பத்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். நீ பதினொன்றாவது. உனக்கு எனக்கு நேர் எதிரே நாற்காலி போட்டிருக்கிறேன்.

விதிகளைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமையே வந்துவிட வேண்டும், என் வீட்டில் தங்க வேண்டும், கட்டில் உனக்கு, பாய் எனக்கு, இதில் வாதம் கூடாது. வகுப்பில் நான் டீச்சர். அக்கா என்று சலுகை கிடையாது, பிரிக்கச் சொன்னால் பிரிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு நீ பாடம் எடுக்கக் கூடாது. மேசையைத் தட்டக் கூடாது. பதினாறு வாரமும் வர வேண்டும். நடுவில் நிற்க விடமாட்டேன், வண்டி ஏறி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். எனக்கு இப்போது அந்த உரிமை இருக்கிறது.

இன்று நூலகர் அறிவிப்புப் பலகையில் எழுதுவதற்கு என்னைப் பற்றிக் கேட்டார். பெயர் சொன்னேன். தகுதி என்ன போடட்டும் என்றார். டைப்ரைட்டிங் என்று சொல்ல முடியாது, நர்ஸ் என்று சொல்ல முடியாது, கண்ணாடிக் கடை என்றால் இங்கே பொருந்தாது. யோசித்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். இது மட்டும் போதுமா என்று கேட்டார். போதும் என்றேன். பெரிய எழுத்தில் எழுதி வாசலில் மாட்டியிருக்கிறார்.

தகுதி: முடித்தவர்.

சனிக்கிழமை மேலே வருவதற்கு முன்னால் அதன் எதிரே ஒரு நிமிடம் நின்று படித்துவிட்டு வா.

உன் தங்கை